தம்பியின் காலில் நின்ற அம்மன்

போன வாரம் ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குப் படம் கேட்டுப் படிவம் வந்தது. பெயர், ஊர், படத்தின் அளவு எல்லாம் எழுதிவிட்டேன். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: உங்கள் சர்ரியலிசப் பாணிக்குத் தூண்டுதல் எது? இரண்டு வரியில் எழுதுக. பென்சிலைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரியில் அடங்குகிற கதை இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

பென்சில் மரம் பல்லில் பட்டாலே எனக்கு ஆட்டையாம்பட்டி ஞாபகம்தான். அங்கே சேலைக்கு டிசைன் போடும் கடையில் என் முதல் வேலை. கட்டம் போட்ட தாளில் மாங்காயும் மயிலும் வரைந்து, கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்ப வேண்டும். இன்றைக்கும் மயிலைக் கண்டால் எரிச்சல் வருகிறது, முருகன் மன்னிக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில், வீணான தாள்களின் பின்பக்கம் மனசுக்குத் தோன்றியதை வரைவேன். தோன்றியதெல்லாம் கால்கள்.

காரணம் எங்கள் குலதெய்வக் கோயில். உடம்பில் எங்கே நோவு வந்ததோ அந்த உறுப்பை மண்ணில் செய்து சுட்டு, சுண்ணாம்பு பூசி அம்மன் முன்னால் வைப்பார்கள். வேப்பமரத்தடி முழுக்கக் கைகள், கண்கள், ஆளில்லாத கால்கள். அவற்றுக்கு நடுவே ஒளிந்து விளையாடியவள் நான். கனவில் வருவதுபோல வரைவதற்கு வெளிநாட்டில் சர்ரியலிசம் என்று ஒரு பெயர் உண்டு என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் சனம் அதைப் பட்டப்பகலில் செய்து வரிசையாக அடுக்கியிருந்தது.

தம்பிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டு இடதுகால் சூம்பிப்போனது. அம்மா வருஷத்துக்கு ஒன்றாக மூன்று மண்கால் வைத்தாள். கால் தேறவில்லை. அவன் சாய்ந்து சாய்ந்தே நடந்து வளர்ந்து, தறி ஓட்டப் போனான்.

ஒரு வருஷம் கோயில் திருவிழாவான நோம்பிக்கு முன்னால் பெரிய தாளில் அம்மனை வரைந்தேன். உடம்பு தறி, கூந்தல் அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல். நின்றது ஒற்றைக் காலில், தம்பியின் அந்தக் காலில். நோம்பி தேதி சொல்ல வந்த பெரியப்பா, சுவரில் அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். பங்காளிகளில் மூத்தவர், கோயில் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். மறுநாளே படத்தோடு கோயிலுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

அம்மா, தம்பி, நான் மூவரும் போனோம். பங்காளிகள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். சாமியை ஊனமாக்கிவிட்டேன் என்றார் ஒருவர். பொட்டப்பிள்ளையை வேலைக்கு அனுப்பியதே தப்பு என்றார் இன்னொருவர். வழியெல்லாம் நான் தயார் செய்திருந்த பேச்சு ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் மறந்துவிட்டது.

பெரியப்பா தணிவாகத்தான் சொன்னார். "கிழிச்சுப் போட்டுட்டு அம்மன் கால்ல உழுந்துரு சாமி. அத்தோட உட்டர்றோம்."

"முடியாதுங்க பெரியப்பா" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

அவர் தாளுக்குக் கை நீட்டினார். தம்பி நடுவே வந்து நின்றான்.

"அது என்ற காலுங்க பெரியப்பா. கிழிக்கறதா இருந்தா என்னயக் கேட்டுட்டுக் கிழிங்க."

அதுவரை எங்கள் சொந்தத்தில் யாரும் அந்தக் காலை நேராகப் பார்த்ததில்லை. பார்வையைத் திருப்பிக்கொள்வதை மரியாதை என்று நினைத்தார்கள். அன்றைக்குப் பத்துப் பேரும் பார்த்தார்கள். நீட்டிய கை அப்படியே இறங்கியது.

அம்மா என்னிடமிருந்து தாளை வாங்கினாள். மண்கால்களுக்கு நடுவே விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள். "மூணு கால் வெச்சுட்டேன். இது நாலாவது" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

நோம்பிக்கு வந்தவர்கள் தாளை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். நோம்பியின் மூன்றாம் நாள் மழையில் அது கரைந்தது. நான் அதைவிடப் பெரியதாக ஒன்று வரைந்தேன். பெரியப்பா இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்தத் தை மாதம் கோயிலுக்குப் போயிருந்தேன். மரத்தடி முழுக்க டைல்ஸ். மண்ணில் செய்த கை, கால், கண் உருவாரங்களை எல்லாம் பொக்லைன் வைத்து அள்ளிவிட்டார்களாம். உள்ளே எட்டிப் பார்த்தேன். எங்கள் அம்மன் வெறும் நட்ட கல். கண், மூக்கு எதுவும் கிடையாது. அவரவருக்கு வேண்டிய முகத்தை அவரவர் நினைத்துக்கொள்வோம். இப்போது அதன்மேல் ஒரு பித்தளை முகம், கடைகளில் வரிசையாகத் தொங்கும் அதே சிரிப்பு. ஒரு நிமிஷம் அதைக் கழற்ற முடியுமா என்று பூசாரியிடம் கேட்டேன்.

"சிமெண்ட் வெச்சுப் பூசியாச்சுங்க" என்றார்.

இனிப் பிறக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கல்லைப் பார்க்க வழியில்லை. நான் வரைகிற அம்மன் எவளுக்கும் முகம் வைப்பதில்லை.