கம்பியில் காக்கா உட்காருதா?

டக்... என்று சத்தம் வரும். போர்டில் ஒரு சின்ன மூடி விழும். ஊரில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். காதில் ஹெட்போன் சூடு, வாயில் "நம்பர் ப்ளீஸ்"...

அறுபதுகளில் புதுக்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். பக்கத்து நாற்காலியில் ஆரோக்கியம், ஆவூர்ப் பெண். பார்த்தால் பூனை மாதிரி இருப்பாள். வாயைத் திறந்தால் கலெக்டர் முதல் கருவாட்டுக்காரி வரை அத்தனை பேர் குரலும் வரும்.

நேற்று பேரன் ஏதோ ரேடியோ நிகழ்ச்சியில் வந்த, ஆளை ஏமாற்றும் கலாட்டா போன்களையெல்லாம் சேர்த்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். சிரித்தேன். ஆனால் மனசு ஆரோக்கியத்திடம் ஓடிவிட்டது. ஆல்பம் போட வேண்டியவள் அவள்தானே!

அப்போது கடைவீதியில் ஒரு மண்டிக்கடைச் செட்டியார் இருந்தார். தூரத்தைப் பார்த்துத்தான் சத்தம் வைப்பார். திருமயத்துக்குச் சாதாரணக் குரல். திருச்சிக்கு எழுந்து நிற்பார். மெட்ராஸ் கிடைத்துவிட்டால் போனே தேவையில்லை, சும்மாவே கேட்கும்! நடுவில் ஹெட்போன் மாட்டியிருக்கும் எங்களுக்குக் காதெல்லாம் ரீங்காரம்.

ஒருநாள் ஆரோக்கியம் பொறுக்க மாட்டாமல் அவருக்கு ரிங் அடித்தாள். அதுவும் கனத்த ஆண் குரலில்...

"மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் இன்ஜினியர் பேசறேன். நீங்க போடுற சத்தத்துல கம்பியெல்லாம் ஆடுது. கீரனூர்ப் பக்கம் ஒரு காக்கா உக்கார முடியலை. இனிமே ரகசியம் சொல்ற மாதிரி பேசுங்க."

"சரிங்க..." என்றார் செட்டியார். அப்போதே ரகசியக் குரல்!

ஒரு வாரம் அப்படியே பேசினார். மெட்ராஸ் வியாபாரி, "செட்டியாருக்கு ஒடம்புக்கு என்ன?" என்று எங்களிடமே கேட்டார். நாங்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டோம்.

அப்புறம்தான் வந்தது வினை. கடைக்கு ரிப்பேருக்குப் போன லைன்மேனிடம் செட்டியார் அக்கறையாக, "இப்பக் காக்கா உக்காருதாங்க?" என்று கேட்டிருக்கிறார். லைன்மேன் சிரித்த சிரிப்பில் குட்டு உடைந்துவிட்டது.

மறுநாள் காலை செட்டியார் எக்ஸ்சேஞ்சுக்கே வந்து நின்றார். ஆரோக்கியத்துக்கு வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் சம்பளத்தில்தான் ஆவூரில் அடுப்பு எரிந்தது.

"அந்த இன்ஜினியர் யாரு?" என்றார். சூப்பர்வைசர் முழித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆரோக்கியம் எழுந்துவிட்டாள். "நான்தாங்க ஐயா."

அவர் நம்பவே இல்லை. "இம்புட்டுப் பிள்ளையா? எங்கே, அந்தக் கொரல்ல ஒருதரம் பேசு ஆத்தா."

கண்ணில் தண்ணீர். குரல் மட்டும் நடுங்கவில்லை! "மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் இன்ஜினியர் பேசறேன்..."

எதிரே நின்று பேசுவது யார் என்று தெரிந்தும், செட்டியார் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்! அடுத்த நொடி அவருக்கே உறைத்து, சிரித்தார் பாருங்கள்... மெட்ராஸுக்கே கேட்டிருக்கும். சூப்பர்வைசர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோளும் குலுங்கியது.

போகும்போது செட்டியார் குனிந்து, "நாளைக்கு ராயவரத்துலேருந்து என் மச்சினன் கடைக்கு வாரான். பத்து மணிக்கு அவனுக்கும் ஒண்ணு போடு ஆத்தா" என்றார்.

பேரன் காட்டிய ஆல்பத்தில் ஏமாந்தவர்கள் எல்லாம் கோபமாகப் போனை வைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் செட்டியார் ஏமாந்துவிட்டு அடுத்த ஆளையும் பிடித்துக் கொடுத்தார். அந்த மனசு இப்போது எத்தனை பேருக்கு வரும்?

ஆரோக்கியம் இப்போது திருச்சியில் மகள் வீட்டில். காது மந்தம். போனில் அவளும் செட்டியார் மாதிரிதான் கத்துவாள் என்று மகள் சொல்லியிருந்தாள். நேற்றே செல்லில் கூப்பிட்டேன். எனக்கு மிமிக்ரி சுட்டுப்போட்டாலும் வராது. இருந்தாலும் தொண்டையைக் கனைத்து, "மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் இன்ஜினியர் பேசறேன்" என்று கத்தினேன்.

கேட்டிருக்காது என்று இன்னொரு தரம் கத்த வாயெடுத்தேன்.

அதற்குள் மெல்ல, ரகசியமாக, அதே செட்டியார் குரல்...

"சரிங்க... இப்பக் காக்கா உக்காருதாங்க?"