கோழியை இடித்த சிப்பாய்

முதலில் தெருப் பெயர், பிறகு வீட்டு எண், கடைசியில்தான் ஆள் பெயர். இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஹார்ன்சீயில், நூலகத்தின் மைக்ரோஃபிலிம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, நூறு வருடத்துக்கு முந்தைய செய்தித்தாளை நெவில் ட்ரூரி இப்படித்தான் படிக்கிறார். முப்பத்து மூன்று வருடம் இந்த ஊரில் தபால் கொடுத்தவர். "சௌத்கேட், பதினாலு. அந்தக் கதவுல லெட்டர் போடுற ஓட்டை முழங்காலுக்குக் கீழ இருக்கும், கண்ணு. குனிஞ்சு குனிஞ்சே என் இடுப்பு போச்சு" என்பார். திரையில் ஓடிக்கொண்டிருப்பது 1915-இல் அந்த வீட்டில் நடந்த கல்யாணச் செய்தியாக இருக்கும்.

நூலகத்தில் வேலை பார்க்கும் என்னை மட்டுமல்ல, ஊர்த் தலைவரையும் வாசலில் கட்டியிருக்கும் நாயையும் அவர் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். வயது எழுபத்திரண்டு. இடது மணிக்கட்டில் எப்போதும் நான்கைந்து ரப்பர் பேண்டுகள். தபால் கட்டுவதற்காக மாட்டிய பழக்கம். ஓய்வுபெற்ற பிறகும் கழற்றவில்லை. மழையானாலும் வெயிலானாலும் சைக்கிளில்தான் வருவார். பதினொரு மணிக்கு வெளிப்படியில் நின்று பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு இஞ்சி பிஸ்கட். மூன்றாவதை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். ஒன்பது வருடமாக எல்லாச் செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான்.

அவர் தேடிக்கொண்டிருந்தது வில்ஃப்ரெட் ட்ரூரியை. நெவிலின் தாத்தாவுக்குத் தம்பி, சின்னத் தாத்தா. முதல் உலகப் போரில் கடற்கரையைக் காவல் காத்த சைக்கிள் படையில் இருந்தவர். நெவிலின் தாத்தா உட்பட அந்த வீட்டின் மற்ற இரண்டு பிள்ளைகளும் பிரான்ஸில் இறந்துபோனார்கள். வில்ஃப் கைகால் குறையாமல் வீடு திரும்பினார். கிறிஸ்துமஸ் விருந்துகளில் நெவிலின் அப்பா எல்லாருக்கும் முன்னால் சொல்வாராம்: "எங்க சித்தப்பாவும் சண்டைக்குப் போனாரு. கடலோட."

"சின்னத் தாத்தாவும் சேர்ந்து சிரிப்பாரு" என்று நெவில் ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஆனா தட்டை எடுத்துக்கிட்டு சமையலறைக்குப் போயிடுவாரு. திரும்பி வர மாட்டாரு. எனக்கு அப்ப ஏழு வயசு. இவர் பெருசா ஏதோ பண்ணியிருக்காரு, வெளிய சொல்ல மாட்டேங்கறாருன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

சிப்பாய்களின் ஆவணங்களில் பாதிக்கு மேல் அடுத்த போரின் குண்டுவீச்சில் எரிந்துபோயின. மிச்சமிருப்பதை ஒட்டித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். நெவில் லண்டனுக்கு ஆறு தடவை போய்வந்தார். ஐந்தாவது வருடம் கிடைத்தது: கடற்கரைப் படையிலிருந்து பெல்ஜியத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு சைக்கிள் பிரிவின் நாட்குறிப்பு. 1917 அக்டோபர் ஒன்பது. சிப்பாய் டபிள்யூ. ட்ரூரி, பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே மூன்று முறை செய்தி கொண்டுபோனான். சைக்கிள் நொறுங்கியதும் நடந்துபோனான். திரும்பும்போது காயம்பட்ட ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தான். பதக்கத்துக்குப் பரிந்துரை.

அந்தப் பிரதியை என்னிடம் காட்டிய அன்று இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு சும்மா இருப்பாரா? கிளப்பில் பேசினார், பள்ளிக்கூடத்தில் பேசினார், ரொட்டிக் கடை வரிசையில்கூடப் பேசினார். வில்ஃப் பிறந்த ஈஸ்ட்கேட் வீட்டுச் சுவரில் ஒரு நினைவுப் பலகை வைக்க ஊர் மன்றம் சம்மதித்தது. மே மாதம் திறப்பு விழா.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, பலகையில் போட ஒரு புகைப்படம் கிடைக்குமா என்று 1917 செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, இந்தத் தெருவை மட்டும் படி."

நீதிமன்றச் செய்திகள். ஈஸ்ட்கேட், இருபத்தாறு. சேணம் தைக்கும் ஜார்ஜ் ட்ரூரியின் மகனும் கடற்கரைச் சைக்கிள் படைச் சிப்பாயுமான வில்ஃப்ரெட், நடைபாதையில் சைக்கிள் ஓட்டி, திருமதி பிக்கரிங்கின் கோழி ஒன்றைக் கொன்றதாகச் செவ்வாயன்று நேரில் வந்து ஒப்புக்கொண்டான். செவ்வாய் என்பது அக்டோபர் ஒன்பது.

"ஒரே ஆளு ஒரே நாள்ல பெல்ஜியத்துலயும் இருந்து, இங்க கோழிக்கும் பதில் சொல்லியிருக்க முடியாது" என்றார் நெவில். படையில் இரண்டு வில்ஃப்ரெட் ட்ரூரிகள் இருந்திருக்கிறார்கள். ஒன்பது வருடத்தில் நான்கு வருடம் அவர் அடுத்தவர் வீட்டு ஆளைக் கொண்டாடியிருக்கிறார்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவருடைய தங்கை ஜாய்ஸோடு வந்தார். ஜாய்ஸ் என் மேசைமேல் கையூன்றிக்கொண்டு, "நீயாவது சொல்லும்மா. நூறு வருஷத்துக் கோழி. யாரு வந்து கேக்கப் போறா? பலகை வச்சா வச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

நெவில் மணிக்கட்டு ரப்பர் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "ஒரு வாரமா நானும் அதையேதான் யோசிச்சேன், ஜாய்ஸ். ஆனா தபாலைத் தப்பான வீட்டுல போட்டுட்டோம்னு தெரிஞ்சா, கதவைத் தட்டித் திருப்பி வாங்கணும். வாங்கி, சரியான வீட்டுல குடுக்கணும். இத்தனை வருஷம் அதைத்தானே பண்ணேன்."

ஊர் மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.  பிறகு ஒரு உறுப்பினர், "அப்ப பலகையைக் கோழிக்கு வச்சிடலாமா, நெவில்?" என்றார்.

"வைங்க. அதுவும் போர்ல போன உயிர்தானே" என்றார் நெவில். முதலில் சிரித்தது அவர்தான்.

அந்தச் சிரிப்பு நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் செய்தியின் கடைசி வரியை அவர் என்னைப் பலமுறை படிக்க வைத்திருக்கிறார். சிப்பாய் ட்ரூரி திருமதி பிக்கரிங்கிடம் மன்னிப்புக் கேட்டதோடு, நீதிமன்ற வாசலில் நின்றிருந்த அவருடைய சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். "எனக்குத் தெரிஞ்ச சின்னத் தாத்தா இவருதான், கண்ணு. அந்தப் பதக்கக்காரரு எனக்குக் கொஞ்சம் அந்நியமாவே இருந்தாரு."

இன்னொரு வில்ஃப்ரெட்டின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம்தான் ஆனது. ஆளைவிட முகவரி அவருக்கு எளிது. ஹல் நகரத்தில், பழைய மீன்பிடித் துறைக்குப் பின்னால், ஐரிஸ் என்ற எண்பத்து மூன்று வயதுப் பேத்தி. மழை கொட்டியதால் நான் காரில் கூட்டிப்போனேன். ஐரிஸ் கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை.

"அந்த ஆளப் பத்தி எங்க வீட்ல பேச மாட்டோம். போர்லருந்து வந்தாரு, குடிச்சாரு, ஒரு நாள் போயிட்டாரு. எங்கப்பா அவரு போட்டோவ அடுப்புல போட்டாரு. கோழைம்பாரு."

நெவில் கையோடு கொண்டுவந்த ஃபைலைச் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தார். "வீட்டுல அவரு எப்படியோ, எனக்குத் தெரியாதும்மா. இந்த ஒரு நாளைப் பத்தி மட்டும் தெரியும்." அக்டோபர் ஒன்பதை மெதுவாகப் படித்தார். மூன்று முறை போனது. சைக்கிள் நொறுங்கியது. தூக்கிக்கொண்டு வந்தது. ஐரிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவை படிங்க" என்றார். இரண்டாம் முறை படித்து முடித்தபோது அவர் ஏப்ரன் நுனியால் முகத்தை மூடியிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, கெண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "இத எப்ப திருப்பித் தரணும்?" என்று கேட்டார்.

நெவில் ஃபைலை மூடினார். அட்டைமேல் பென்சிலில் அவருடைய பெயரும் முகவரியும் இருந்தன. சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். துகளை வாயால் ஊதித் தள்ளினார். பென்சில் முனையை அட்டைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க முழுப் பேரை எப்படி எழுதணும், கண்ணு?"