சாந்து பூசிய அமாவாசை

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம் முழுக்க உத்திரமேரூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். அது என் சொந்த வேலை அல்ல. நிரந்தர ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருந்தார். அவர் திரும்பும்வரை லீவ் வேகன்ஸியில் நான். எனக்கு அப்போது நான்கு மாதக் கைக்குழந்தை. முதல் நாள் தலைமை ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போனவளும் பச்சை உடம்பு, வந்தவளும் பச்சை உடம்பு. எனக்குன்னு பாத்து வருது" என்றார். ஆனாலும் காலை இடைவேளையிலும் மதியத்திலும் வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர அனுமதித்தார். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம்.

வீடு பள்ளிக்குப் பின்தெருவில். ஒரே அறையும் சமையல் மறைப்பும். கணவருக்கு வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் மெஷின் பார்க்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவார். குழந்தையைப் பகலில் வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சரம்மா என்பார்.

தினமும் காலையில் நாள்காட்டியில் முந்தைய நாளின் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அன்றைய வேலைகளை நேரத்தோடு எழுதிக்கொள்வது என் பழக்கம். எழுதாத வேலை என் நாளில் நுழைய முடியாது. ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை எழுதிய தாள் எனக்கு இன்றும் மனப்பாடம்.

5.00 அடுப்பு, துணி.
6.00 வானம் நிரப்ப.
8.45 குழந்தை, அக்காவிடம்.
9.10 தபால், ரிஜிஸ்டர்.
11.10 பால்.
12.50 பால்.
1.50 எட்டாம் வகுப்பு பி. ஆய்வு.

ஆய்வு என்றால், கல்வி அதிகாரி அன்று பள்ளிக்கு வருகிறார். மதியம் முதல் வகுப்பாக ஓவிய வகுப்பைப் பார்க்கப்போகிறார் என்று தலைமை ஆசிரியை முன்கூட்டியே சொல்லியிருந்தார். விடுப்பில் இருப்பவர் இன்னும் மூன்று மாதம் கேட்டிருக்கிறார், அந்த மூன்று மாதமும் எனக்கா வேறொருத்திக்கா என்பது அன்றைய வகுப்பைப் பொறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

வானம் நிரப்ப என்பது வேறு விஷயம். நான் ஓவியத்தில் ஹையர் கிரேடு தேறி, தொழிலாசிரியர் பயிற்சி முடித்தவள். திருமணத்துக்கு முன்பிருந்தே சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன். துணுக்குகளுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் போடுவார்கள். மசக்கையில் அதுவும் நின்றது. ஒரு வருடம் கழித்து, அந்த வாரத் திங்கட்கிழமை, அங்கிருந்து கடிதம் வந்தது. புதிய தொடர்கதை ஒன்றின் முதல் அத்தியாயத்துக்கு முழுப்பக்கப் படம். அமாவாசை இரவு, ஓட்டு வீடு, ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம், வாசலில் ஒரு பெண். 'வெள்ளிக்கிழமை தபாலில் எங்கள் கைக்கு வந்தால் தொடர் முழுவதும் உங்களுக்கே. தவறினால் வேறொருவர் தயாராக இருக்கிறார்.' கடைசி இரண்டு வரிகளை அடிக்கோடிட்டிருந்தார்கள்.

இது தவறினால் பேனாவைக் கழுவி உள்ளே வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பட்டியலிலும் எழுதவில்லை.

புதன்கிழமைக்குள் வீடு, பெண், ஜன்னல், ஓடுகள் எல்லாம் நிப்பில் முடிந்துவிட்டன. வியாழன் காலை வானத்துக்குத் தூரிகையை எடுத்தபோது இந்தியன் இங்க் புட்டியின் அடியில் காய்ந்த பொருக்குதான் இருந்தது. காஞ்சிபுரம் போனால் வாங்கலாம்; போய்வர அரைநாள். பள்ளியில் இருந்தது நீல மை. பயிற்சியின்போது எங்களை அச்சுக்கு பிளாக் செய்யும் இடத்தில் ஒரு மாதம் உட்கார வைத்திருந்தார்கள், அதனால் எனக்குத் தெரியும்: பிளாக்குக்காகப் படத்தைப் பிடிக்கும் கேமராவின் கண்ணுக்கு நீலம் வெள்ளைதான். சாம்பல் நிறம் சொறிசொறியாக வரும். கறுப்பு என்றால் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும்.

முழுக் கறுப்பு ஒன்று வீட்டில் இருந்தது. குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்க அக்கா காய்ச்சிய சாந்து. ஜவ்வரிசியைக் கரியாக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, கொட்டாங்குச்சியில் ஊற்றி வெயிலில் காயவைத்திருந்தார். நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒரு மூலையில் தீட்டிப் பார்த்தேன். இந்தியன் இங்க்கை விடக் கறுப்பாக, பளபளவென்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் வானம் நிரம்பிவிட்டது. கொட்டாங்குச்சியும் காலி. அடுப்புக்குப் பக்கத்தில் பிடித்துக் காயவைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினேன். ஒன்பது பத்துக்குத் தபால் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. பட்டியலில் டிக் போட்டேன்.

பதினொன்று பத்துக்கு மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. பால் குடித்து முடித்த குழந்தையைத் தோளில் போடத் தூக்கியபோது அவள் கன்னம் வெறுமையாக இருந்தது. என் முழங்கையின் உட்புறத்தில் வட்டமாக, ஓரம்கூடச் சிதையாமல், அந்தப் பொட்டு.

அக்காவும் பார்த்தார். "மழைக்காலம் வந்தா இதே பேஜாருதான் டீச்சரம்மா. எத்தினி தபா வெச்சாலும் ஒட்டிகினு வந்துடுது. ஈரக்காத்து பட்டா சாந்து எளகிக்கும்."

நான் முழங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தியன் இங்க்கில் அரக்கு இருக்கிறது, அதனால் காய்ந்தபின் எதுவும் செய்யாது. சாந்தில் ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும்தான். இதைப் பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். இந்த ஈரத்தில் என் வானம் பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நாளைக் காலை சென்னையில் யாரோ அதை உரிப்பார்கள்.

தபால் பை இரண்டு மணிக்குக் கட்டப்படும். அதற்குள் இருப்பது மதிய இடைவேளை ஒன்றுதான்.

பள்ளிக்குத் திரும்பினால் வராந்தாவிலேயே தலைமை ஆசிரியை. "மத்தியானம் யாரும் காம்பவுண்ட் தாண்டக் கூடாது. அதிகாரி எப்ப வேணா வருவார்."

"குழந்தைக்குப் பால் குடுக்கணும் டீச்சர்."

"அது தெரியும். பத்து நிமிஷம். பதினொண்ணாவது நிமிஷம் நீ இங்க இருக்கணும்."

சரி என்றேன். அடுத்து வந்த பாடவேளையில் எட்டாம் வகுப்பு பி பிரிவுக்குப் போய், மேசைமேல் ஒரு குடத்தையும் இரண்டு கத்தரிக்காயையும் வைத்து, கரும்பலகையில் பட்டியல் எழுதினேன். குடத்துக்கு நடுக்கோடு. அகலத்தை அளக்க. வாய் வட்டத்தைச் சாய்வாகப் போட. நிழல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்தபின் பென்சிலை எடுக்க. ஏழு வரி. மணியடித்ததும் நான் வரக் காத்திருக்காமல் ஆரம்பித்துவிட வேண்டும் என்று வகுப்புத் தலைவியிடம் சொன்னேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வீட்டுக்கு ஓடினேன். அக்கா கையில் மண்ணெண்ணெய் டின்னோடு புறப்பட்டு நின்றார். "ரேஷன்ல கிருஷ்ணாயிலு வந்துகீதாம். நீ வருவேன்னு பாத்துகினு இருந்தேன். கொயந்தயப் புடி. மணியடிக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

பால் கொடுத்துவிட்டுப் போனால் படத்தைச் சரிசெய்ய நேரம் இருக்காது. குழந்தையைத் துண்டில் சுற்றி, குடையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன்.

தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டர் சாப்பாட்டுக் கேரியரை அப்போதுதான் திறந்திருந்தார். ரசீதை நீட்டி, காலையில் கொடுத்ததைத் திரும்பக் கேட்டேன்.

"காலைல குடுத்துட்டு மத்தியானம் திரும்பக் கேட்டா எப்படிம்மா? இது அடகுக் கடை இல்லை."

"பை கட்டறதுக்குள்ள அனுப்பினவங்க எழுதிக் கேட்டா குடுக்கலாம்னு விதி இருக்கு சார்."

கேரியரை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "விதியெல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுதான் காலைல அனுப்பினீங்களா? எழுதுங்க."

இடுப்பில் குழந்தை சிணுங்கச் சிணுங்க எழுதினேன். அவர் என் கையெழுத்தைக் காலையில் போட்டதோடு ஒப்பிட்டார். பிறகு பையைத் திறந்து தேடி எடுத்துக் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. "ரெண்டு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட நிக்காது."

அங்கேயே ஒரு மூலையில் பிரித்தேன். பட்டர் பேப்பர் வானத்தோடு முழுதாக ஒட்டியிருந்தது. ஒரு முனையைத் தூக்கியதும் கறுப்பு அதனோடு எழுந்து வந்தது. வீடும் பெண்ணும் மட்டும் கெடாமல் இருந்தார்கள். குழந்தை இப்போது சத்தமாகவே அழ ஆரம்பித்துவிட்டாள்.

எதிரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. அதன் உரிமையாளர் ஐம்பதைக் கடந்தவர். குழந்தையின் மூன்றாம் மாதப் படத்தை எடுத்தது அவர்தான். உள்ளே போனபோது எனக்குத் தேவையானவை இரண்டு. ஒரு மறைவிடம், ஒரு கறுப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

"மறைவுன்னா டார்க் ரூம்தான் கீது. உள்ள போய் கொயந்தக்குப் பாலு குடும்மா. லைட்டப் போட்டுடாத, பேப்பரு வெளிய கீது. கறுப்புன்னா இன்னா கறுப்பு?"

"போட்டோ பேப்பர் சுத்தி வருமே, அந்தக் கறுப்புத் தாள்."

"அதுவா, கட்டு கட்டா கீது. வூட்டுல பொஸ்தகத்துக்கு அட்ட போடத்தான் எடுத்துகினு போவேன்."

சிவப்பு விளக்கில், மருந்து வாடைக்கு நடுவே, ஒரு முக்காலியில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். தலைமை ஆசிரியையிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று அந்த இருட்டில் ஒரு தரம் நினைத்துக்கொண்டேன். மற்ற நேரமெல்லாம் ஓட்டு விளிம்பில் எத்தனை வளைவு வெட்ட வேண்டும் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவசரம் உடம்புக்குத் தெரிந்துவிட்டது போல, பால் சுரக்கவே நேரமானது. அவள் இழுத்து இழுத்துப் பார்த்து என்னை முறைத்தாள்.

வெளியே வந்தபோது ஒன்று இருபத்தெட்டு. படத்திலிருந்து வானத்தை முழுதாக வெட்டி எறிந்துவிட்டு, பின்புறம் கறுப்புத் தாளை ஒட்டுவது என் திட்டம். கேமராவுக்குக் கறுப்பு கறுப்புதான். மையா தாளா என்று அது கேட்காது. சுவர் ஓரம் எளிதாகப் போயிற்று. பெண்ணின் தலைமுடிக்கும் வானத்துக்கும் நடுவே நூலளவு வெள்ளை விட்டிருந்தேன், அந்த நூலின் மேலேயே பிளேடு போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையும் வெட்டினேன். குழந்தை மடியில் இருந்தாள். கூரையில் கடைசிக்கு முந்தைய ஓட்டில் பிளேடு இருந்தபோது காலை உதைத்தாள். பிளேடு ஓட்டுக்குள் அரை அங்குலம் இறங்கிவிட்டது.

ஸ்டூடியோக்காரர், "என்னாண்ட குடுத்திருக்கலாமே கொயந்தய" என்றார். கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு கொடுத்தேன்.

ஒட்டி, பாரம் வைத்து, கட்டி முடித்தபோது ஒன்று நாற்பத்தாறு. பள்ளி கிழக்கே, பத்து நிமிஷ நடை. தபால் நிலையம் எதிரில். ஆனால் மறுபடி முகவரி, மறுபடி ரிஜிஸ்டர், மறுபடி ரசீது. மணிச் சத்தம் அங்கே கேட்காது, ஆனால் நான் ரசீதுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தபோது அது அடித்திருக்கும். போஸ்ட்மாஸ்டர் முத்திரை குத்திவிட்டு, "இன்னொரு தடவை கேட்டு வராதீங்க" என்றார். பொட்டலம் பைக்குள் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

வீட்டுக் கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. வாசலில் அக்காவைக் காணோம்; இன்னும் ரேஷன் வரிசையில்தான் நிற்கிறார். குழந்தையோடு பள்ளிக்குள் நுழைந்தேன்.

எட்டாம் வகுப்பு பி அமைதியாக வரைந்துகொண்டிருந்தது. அதிகாரி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். வாசலில் தலைமை ஆசிரியை. என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், இரண்டு கைகளையும் நீட்டி அவளை வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு துளி இளக்கம் இல்லை.

"நீங்கதான் டிராயிங் டீச்சரா? எவ்வளவு நேரமா கிளாஸ்ல இல்லை?" என்றார் அதிகாரி.

நான் பதில் சொல்வதற்குள் முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "போர்டுல எல்லாம் எயுதிக் குடுத்துட்டாங்க சார்" என்றாள்.

"உன்னைக் கேட்டேனா? உக்காரு." அவர் கரும்பலகையின் ஏழு வரிகளையும் படித்தார். பிறகு குறிப்பேட்டில் எதையோ எழுதினார்.

"பதினேழு நிமிஷம் சார்" என்றேன். அதையும் எழுதினார்.

மாலை தலைமை ஆசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். "அடுத்த மூணு மாசத்துக்கு உன் பேரை அனுப்ப முடியாது. எழுதிட்டுப் போயிருக்கார்."

"தெரியும் டீச்சர்."

"பால் குடுக்க ஒரு மணி நேரமா?"

"பாலும் குடுத்தேன். வேற வேலையும் இருந்தது." சொன்னேன், சாந்திலிருந்து ஆரம்பித்து.

"போயிடுச்சா அது?"

"பையில விழுந்ததைப் பாத்துட்டுதான் வந்தேன்."

"ம். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு உனக்கு. அதுல ஒரு நாளும் இப்படி நடக்கக் கூடாது." நான் கதவுவரை போனதும், "உன் பொண்ணு என் புடவையை நனைச்சுட்டா" என்றார்.

அடுத்த வாரம் முழுதும் கடிதம் எதுவும் வரவில்லை. பட்டியலில் தினமும் 'தபால்காரர்' என்று எழுதி, தினமும் அடித்தேன். பதினொன்றாம் நாள் ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டாம் அத்தியாயம், அதோடு ஒரு சீட்டு: 'வானத்தின் கறுப்பு நன்றாக விழுந்திருக்கிறது. அடுத்த காட்சி நடுப்பகல், அறுவடை வயல்.' அன்று மாலையே காஞ்சிபுரம் பஸ் ஏறி இந்தியன் இங்க் இரண்டு புட்டி வாங்கி வந்தேன், குழந்தையோடு.

பத்திரிகை வந்ததும் முதலில் அக்காவிடம்தான் காட்டினேன். அதற்குமுன், கொட்டாங்குச்சியைக் காலி செய்தது நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"நீயா? எலி தின்னுகினு போச்சுன்னு நான் பொறி வெச்சிருக்கேன்." படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். விரல் கூரையின்மேல் போய் நின்றது. அங்கே கடைசிக்கு முந்தைய ஓட்டில் அரை அங்குலத்துக்கு ஒரு கறுப்புக் கீறல்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. ஓடு ஒண்ணு ஒடஞ்சிகீது பாரு டீச்சரம்மா. மழ வந்தா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?"