அய்யா கண்ட மஞ்சள்

மூச்சிரைப்பு என்று அய்யாவை ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் குடியிருக்கும் அக்காள்மடத்தில் காலையில் பஸ் ஏறி வருவேன், சாயந்திரம் திரும்பிப் போவேன். கூடவே தங்கியது அத்தை, அய்யாவின் அக்காள். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், அம்மா போன பிறகு அய்யாவுக்குச் சோறு போடுவதிலிருந்து மாத்திரை கொடுப்பதுவரை எல்லாம் அவள்தான். எந்த மாத்திரை எதற்கென்று அய்யாவுக்குத் தெரியாது. அக்காள் வாயைத் திற என்றால் திறப்பார், அவ்வளவுதான்.

இருதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார். மூச்சிரைப்பு குறைந்தது. பரவாயில்லை, வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அய்யா வேறு ஆளாகத் தொடங்கினார். இட்லியைக் கண்டாலே குமட்டியது. கண்ணைத் திறக்காமல் கிடந்தார். திறந்தபோது என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊருத்தா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர்க்க வந்த அன்று, மூச்சு வாங்கிக்கொண்டே மிளகாய் வத்தல் என்ன விலை போகிறது என்று விசாரித்த மனுஷன் இவர். இந்த ஒரு வாரத்துக்குள்ளா வயசாகிவிட்டது? ஆனால் அதை யாரிடம் போய்க் கேட்பது? படித்த பெண் என்று பேர்தான், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் நான் போனபோது அய்யா சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சுவத்துக்கெல்லாம் மஞ்சத்தண்ணி தெளிச்சிருக்காக, பாத்தியா?"

சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. படுக்கை விரிப்பும் மஞ்சள் என்றார், டாக்டரம்மாவின் கோட்டும் மஞ்சள் என்றார். அத்தை என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணெல்லாம் நீர்.

"நம்ம அம்மன் வந்து நிக்கிறாத்தா. போன வருசம் மழையில்லைன்னு முளைப்பாரி போடாம விட்டோம்ல? அதைத்தேன் கேக்குறா. மஞ்சளைக் காட்டுறா பாரு."

"அய்யா உடம்புக்கு என்னன்னே தெரியலை, நீ வேற ஏன்த்தை."

"இது சாமி விசயம். ஆஸ்பத்திரிக்காரகட்ட வாயைத் தொறந்திராத. நான் நேந்துக்கிட்டேன், சரியாயிரும்."

உண்மையைச் சொல்வதென்றால், பாதி நம்பினேன். வேறு எதை நம்புவது? வெள்ளைச் சுவரை மஞ்சள் என்று ஒருவர் சும்மாவா சொல்வார்? அம்மன் கோபித்தாளா, அருள் செய்கிறாளா என்றுகூட எனக்கு விளங்கவில்லை. அன்று டாக்டரம்மா வந்தபோதும் சொல்லவில்லை. அடுத்த நாள் அய்யாவை எழுப்பினாலும் எழவில்லை. டாக்டரம்மா சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்ததும், அத்தை முறைக்க முறைக்க, என்னை அறியாமல் வாய்விட்டுவிட்டேன்.

"எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னு சொன்னாங்க டாக்டர்."

அவர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "மஞ்சளாவா? அவரே சொன்னாரா? எப்ப சொன்னாரு?" அய்யாவின் நாடியைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார், அந்த இருதய மாத்திரையை நிறுத்தினார்.

"இந்த மாத்திரை உடம்புல கூடிப்போனா வயசானவங்களுக்கு இப்படித்தான் ஆகும். குமட்டும், புத்தி தடுமாறும், பாக்கறது மஞ்சளாத் தெரியும். இன்னும் கூடினா இருதயமே நின்னுரும்மா. இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

சாமி என்று நினைத்தோம் என்றா சொல்வது?

"நான் குடுத்தது ரொம்பக் கொஞ்சம்தான். வீட்டுலருந்து மாத்திரை ஏதும் கொண்டாந்து குடுக்கிறீங்களா?"

அத்தையைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். "ஒன்னும் குடுக்கலைங்க."

மாத்திரையை நிறுத்திய பிறகு, குறைந்திருந்த நாடி நாளுக்கு நாள் மெல்ல ஏறியது. அய்யா கஞ்சி கேட்டார். எப்போதும் போல என்னை ஆத்தா என்று கூப்பிட்டார். ஆனாலும் டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். "ஏதோ இடிக்குது. எப்படிக் கூடுச்சுன்னு தெரியாம அனுப்பினா வீட்டுல மறுபடி இப்படியே ஆகும். அப்ப இங்க கொண்டுவந்து சேக்க நேரம் இருக்காது." அய்யாவின் கட்டிலருகே நின்று மறுபடியும் கேட்டார். "கோவிச்சுக்க மாட்டேன். யார் என்ன மாத்திரை குடுத்தீங்க?"

அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை இடுப்பிலிருந்த சுருக்குப்பையைப் பிடித்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"நாந்தேன்," என்றார் அய்யா.

எல்லாரும் திரும்பினோம்.

"வீட்டு மாத்திரையை மடியில வச்சிருந்தேன். யாருக்கும் தெரியாம நானாப் போட்டுக்கிட்டேன்."

மாத்திரை அட்டையைப் பிரிக்கக்கூடத் தெரியாத மனுஷன், கண் இமைக்காமல் இப்படி ஒரு பொய்யைச் சொன்னார். யாரைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அய்யாவுக்குப் புத்தி திரும்பிவிட்டது என்று எனக்கு நிச்சயமானது அப்போதுதான். அந்தச் சந்தோஷத்தில் சுருக்குப்பையைக்கூட மறந்துவிட்டேன்.

டாக்டரம்மா நம்பிவிட்டார். "ஏன்யா, செத்துப்போயிருப்பீங்களேய்யா. இவ்வளவு பெரிய மனுஷன் இப்படியா பண்ணுவீங்க?" என்று ஏசத் தொடங்கினார். அய்யா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"அவனை வையாதீக டாக்டரு," என்றாள் அத்தை. "குடுத்தது நானு."

சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையைக் கட்டிலில் வைத்தாள். "எங்கூரு டாக்டரு கைராசிக்காரரு. அவரு குடுத்ததை நிப்பாட்ட மனசு வரலை. நீங்க குடுத்ததையும் குடுத்தேன், இதையும் குடுத்தேன். ரெண்டும் சேந்தா வெரசா எந்திரிச்சிருவான்னுதேன். இருதயம் நின்னுரும்னு நீங்க சொன்ன அன்னைக்கு நிப்பாட்டிட்டேன். சொல்லத்தேன் பயந்துட்டேன்."

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பேர் வேறு, மருந்து ஒன்றுதான் என்றார். அந்த மருந்து இனி வேண்டாம், வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து தன்னிடம் காட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இத்தனை நாளும் என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்தவளை நாலு வார்த்தை கேட்டே ஆக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அய்யா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அக்காவை ஒன்னும் சொல்லிராதத்தா. அவ நான் செத்துருவேன்னு பயந்து போயிருக்கா."