பாப்பா காட்டுக்குப் போனாள்

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்து நாட்டுக்குரங்குகளைக் கவனிப்பதுதான் என் ஆராய்ச்சி. காலையில் ராஜபாளையத்திலிருந்து பஸ், பிறகு வாடகை சைக்கிள், பிறகு பொழுது சாயும்வரை ஓடைக்கரைப் பாறை. ஊரில் என்னைக் 'கொரங்கு புள்ள' என்பார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதைக் கேள்விப்பட்டு, காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனது. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த நாட்களில்தான் பேண்டேஜ் துணி நெய்யும் சின்ன ஃபேக்டரி ஒன்றின் முதலாளியம்மா எனக்கு ஆள் அனுப்பினார். ஐம்பதை நெருங்கிய, பிள்ளையில்லாத மனுஷி. பார்த்த மாத்திரத்தில் அக்கா என்று கூப்பிடத் தோன்றும் முகம். அவர் வீட்டுப் பின்கட்டில் இடுப்பில் கயிற்றோடு ஒரு பெண்குரங்கு இருந்தது. லாரியில் அடிபட்டுச் செத்த தாயின் மடியிலிருந்து எடுத்து வந்து, பாலாடையில் பால் புகட்டி வளர்த்தாராம். பெயர் பாப்பா. தினமும் மத்தியானம் அக்காவின் கொண்டையைப் பிரித்துப்போட்டு, முடியை விலக்கி விலக்கிப் பேன் தேடுவாள். அவளுக்கு நாலு வயதாகப் போகிறது. தறி ஓட்டும் ஒருவரின் கையைக் கடித்துவிட்டதால் அக்காவின் கணவர் சங்கிலி வாங்கி வந்துவிட்டார்.

"சங்கிலி போட எனக்கு மனசு வரலட்டி. நீ காட்டுல கொரங்குகளோட கெடக்கவதான? இவளையும் அதுக கூட சேத்து விட்டுரு" என்றார் அக்கா.

"அது லேசு இல்லக்கா. வெளியாளக் கண்டா கூட்டமே சேந்து கடிச்சுப் போட்ரும்."

"பொறவு என்னத்தத்தான் படிக்க நீ?"

அவர் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, முயற்சி செய்கிறேன் என்று சொல்லி வந்தேன்.

வனத்துறையில் நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். சங்கிலி வாங்கிய அதே கணவர், பழைய தறி இரும்பை வெல்டிங் செய்து ஓர் அறை அளவுக்குக் கம்பிவலைக் கூண்டு செய்து தந்தார். அடிவாரத்து மாந்தோப்பில் அதை இறக்கி, பாப்பாவை உள்ளே விட்டோம். கூட்டம் அவளைப் பார்த்துப் பழகிய பிறகு கதவைத் திறப்பதாகத் திட்டம்.

முதல் நாள் நான் கவனித்துவந்த கூட்டம் தோப்புக்கு வந்ததும் பாப்பா அலறிய அலறலில் நான் கூண்டருகே ஓடினேன். பிறந்த கொஞ்ச நாளிலிருந்து அவள் வேறு குரங்கையே பார்த்ததில்லை. வலைக்குள்ளிருந்து என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயம் கொஞ்சம் தெளிந்ததும் இன்னொரு சிக்கல். மனிதர்களோடு வளர்ந்தவள், யாரையும் முகத்துக்கு நேராகப் பார்ப்பாள். குரங்குகளிடம் அது வம்புக்கு இழுக்கிற பார்வை. பெண்குரங்குகள் ஓடிவந்து கூண்டைப் பிடித்து உலுக்கின. அடிவாங்கிய பிள்ளைபோல மூலையில் சுருண்டிருப்பாள். வாரங்கள் போகப் போக, கண்ணைத் தாழ்த்திக்கொள்ளத் தானாகவே கற்றுக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள், காது கிழிந்த கிழட்டுப் பெண்குரங்கு ஒன்று வந்து கூண்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. பாப்பா மெல்ல நகர்ந்து வந்தாள். வலைக்கண் வழியாக விரலை விட்டு, அந்த முதுகு முடியை விலக்கிப் பார்க்கத் தொடங்கினாள். அக்காவின் தலையில் பழகிய அதே விரல்கள். கிழவி சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டது. மறுநாளும் வந்தது.

கதவைத் திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, வெள்ளைச் சேலையும் பைபிள் பையுமாக அக்கா நேரே தோப்புக்கு வந்துவிட்டார். பாப்பா வெளியே வந்தாள், திரும்ப உள்ளே ஓடினாள், கிழவியைக் கண்டதும் மறுபடி வந்தாள். கிழவியோடு மரத்தில் ஏறிப் போய்விட்டாள். அக்கா கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தடவகூட திரும்பிப் பாக்கலயேட்டி."

"பாக்காததுதான் நல்லதுக்கா."

"நல்லதுதான். தெரியாமலா கொண்டாந்து விட்டேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாப்பா அடிபடாமல் எல்லாம் இல்லை. வால் நுனி போயிற்று, தொடையில் ஒரு காயம். ஆனாலும் கிழவியை விட்டு அகலவில்லை. அக்கா ஞாயிறுதோறும் வந்தார். தின்ன எதுவும் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். "கண்ணால பாக்கலாம்ல?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நிற்பார்.

அடுத்த மாசியில் பாப்பா குட்டி போட்டாள். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிளையில் விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா பதறிவிட்டார்.

"ஏட்டி, தலகீழா வச்சிருக்கா பாரு! போயிச் சொல்லுட்டி!"

"நான் போயி என்னன்னு சொல்ல?"

தனியாக வளர்ந்த தாய்கள் குட்டியைத் தூக்கி எறிந்துவிடுவதும் உண்டு. அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. குட்டி கத்தியது. பிறகு வயிற்று முடியைப் பற்றிக்கொண்டு, வழுக்கி, மறுபடி பற்றி, தானே திரும்பி மேலேறிப் பால் காம்பைப் பிடித்தது. பாப்பா குனிந்து பார்த்தாள். ஒரு கையை எடுத்து அதன் முதுகில் வைத்தாள். அக்கா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்து உலுக்கினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருவரும் பேசித் தீரவில்லை.

தொண்ணூறுகளில் எனக்கு வெளியூரில் ஓர் உயிரியல் பூங்காவில் வேலை கிடைத்தது. தனித்துக் கிடக்கும் குரங்குகளை மற்றவற்றோடு பழகவிடுவதும் அங்கே என் பொறுப்பு. அக்கா எஸ்டிடி பூத்திலிருந்து போன் போடுவார். எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"பாப்பா மறுபடியும் முழுகாம இருக்காட்டி. எம்புட்டு வயிறு தெரியுமா! நீ எப்ப வார?"

நான் லீவு சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன்.