விதை உறுத்தாத மாதுளை

எங்கள் தெருவில் அவரைக்கொடி ஏறலாம், பரங்கிக்கொடி படரலாம், கூரைமேல் பூசணி சொகுசாக உட்கார்ந்துகொள்ளலாம். மரம் மட்டும் கூடாது. மனை ஆண்டையுடையது. குடிசை போட விட்டதே பெரிய மனசு, அதில் காய்க்கிற மரம் வேறு வைத்தால் நாளைக்கு "நான் வச்ச மரம், என் எடம்" என்று சொல்லிவிடுவோமாம். கல்யாணமாகி வந்த புதிதில் இதெல்லாம் தெரியாமல் கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையை நட்டுவிட்டேன். அது துளிர்விட்டதும் பண்ணைக் காரியக்காரர் வந்தார். பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டுப் போனார். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு என் வீட்டுக்காரர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றதால் அந்த மனுஷர் தப்பித்தார்.

பிறகு காலம் மாறியது. கரைவேட்டிக்காரர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்தது. நாங்கள் கொடுத்தோம் என்று அவர்கள் மைக் கட்டிச் சொன்னார்கள். நாங்கள் போராடி வாங்கினோம் என்று சிவப்புத் துண்டுக்காரர்கள் இன்னொரு மைக் கட்டிச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சிவப்புத் துண்டு. ஆனால் பட்டாவை வாங்க அவர் ஊரில் இல்லை. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டதற்கு ஆண்டை வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். களத்தில் அடிதடியானது. இவருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு போயிற்று. பல் போனவர் மேலேயே கேஸும் போட்டு, திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தனியாக இருப்பது எப்படி என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க எனக்குக் கை பழகவில்லை. இரண்டு பேருக்கு அளந்து போட்டுவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் அதையே சாப்பிடுவேன். பிள்ளை இல்லை. ஒன்று வயிற்றில் தங்கி, நாலாம் மாதத்திலேயே போய்விட்டது. சாயங்காலமானால் தெருவில் எல்லா வீட்டிலும் யாரையாவது யாராவது கூப்பிடுகிற சத்தம் கேட்கும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. சில நாள் வாயைத் திறக்காமலே பொழுது போய்விடும். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பட்டா வந்த வேகத்தில் தெருவே மரம் நட்டது. தென்னை, வாழை, முருங்கை. நான் மாதுளை வைப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கம் அது ஆஸ்பத்திரிப் பழம். யாராவது படுக்கையில் விழுந்தால்தான் ஒன்று வாங்கிக்கொண்டு பார்க்கப் போவார்கள். பிள்ளை போய் நான் கும்பகோணம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் ஒன்று வாங்கிவந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடித்த பேப்பரில் முத்து முத்தாக உதிர்த்துக் கொடுத்தார். உதிர்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்கென்று முழுசாக இருந்த பொழுது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். மனை எங்களுடையதாகிவிட்டது. அதில் அவர் வந்து என்னோடு குடியிருக்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். மரம் அதற்காகத்தான்.

ஜெயிலில் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தஞ்சாவூரில் இறங்கி, ரோட்டோரம் ஒரு கன்றுப் பண்ணைக்குப் போனேன். பண்ணை மேஸ்திரி சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தார். மாதுளை என்றதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவந்தார்.

"நாட்டு மாதுளை இருக்கும்மா. எந்த மண்ணுலயும் வந்துரும். ஆனா புளிப்பு, விதையும் கடிக்க முடியாது. இது மஸ்கட், சாறு நெறைய. இது தோல்கா, பழம் பெருசு, உள்ள வெளுப்பாத்தான் இருக்கும், இனிப்புன்னா இனிப்பு. இது கணேஷ், வடக்கேர்ந்து புதுசா வந்திருக்கு. விதை வாயில உறுத்தவே உறுத்தாது. அந்தக் கடைசில நிக்கிறது பூ மாதுளை. பூ அடுக்கடுக்கா பூக்கும், காய்க்காது."

"காய்க்காததை எதுக்குய்யா விக்கிறீங்க?"

"அழகுக்கும்மா."

"அழகைப் பாத்துக்கிட்டு உக்கார எங்களுக்கு ஏதுய்யா நேரம்?" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. என்னிடம் இருந்ததெல்லாம் நேரம்தானே.

"சரி, வீட்டுக்காரருக்கு எது புடிக்கும்? இனிப்பா, புளிப்பு கலந்ததா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் ஒரு முத்தைக்கூடத் தன் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. குழம்பில் உப்பு எவ்வளவு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எவ்வளவு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. புருஷனுக்கு என்ன பழம் பிடிக்கும் என்று தெரியாத பெண்டாட்டியாக அந்தப் பண்ணையில் நின்றேன். "கேட்டுட்டு வர்றேங்க" என்று வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அடுத்த முறை ஜெயிலுக்குப் போனபோது கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தினேன்.

"ஏங்க, நம்ம மனையில மாதுளை வைக்கலாம்னு இருக்கேன். ஒங்களுக்கு இனிப்பு புடிக்குமா, புளிப்பு புடிக்குமா?"

"என்னது?"

"மாதுளைங்க, மாதுளை!"

"அதா இப்ப முக்கியம்? வக்கீல் வந்தாரா? சங்கத்துல கூட்டம் போட்டாங்களா?"

"வந்தாரு, போட்டாங்க. மாதுளை…"

"எதையாவது வையேன் புள்ள" என்றார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

எதையாவது வையாம்! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டி முடிக்கும்போது ஒன்று தோன்றியது. அவருடைய நாக்கு எனக்குத் தெரியாது, சரி. வாய் தெரியுமே. கடைவாய்ப் பல் இல்லாதவருக்கு நாட்டு மாதுளை விதையைக் கொடுத்தால் எப்படி மெல்லுவார்? மேஸ்திரியிடம் போய், "விதை உறுத்தாதுன்னீங்களே, அதைக் குடுங்க" என்றேன். பதியன் போட்ட கன்று, முழங்கை உயரம். மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அப்போது மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. கொல்லையில் நல்ல பள்ளமாகத் தோண்டி, சுற்றி வரப்புக் கட்டி, கன்றை நட்டு, நாற்றங்காலுக்குக் கட்டுவதுபோல் தண்ணீர் கட்டினேன். தளும்பத் தளும்ப நின்றது. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச நாளில் இலை பழுத்தது. பாவம், தாகம் போலிருக்கிறது என்று இன்னும் கட்டினேன். எங்கள் ஊரில் எந்தப் பயிர் வாடினாலும் எங்களுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். இலையெல்லாம் கொட்டியபின் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து அழுகி, சேற்று நாற்றம் அடித்தது. சோறு போட்டே கொன்ற மாதிரி ஆகிவிட்டது என் கதை. வரப்பில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். பரவாயில்லை, வேறு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை.

மறுபடி போய் அதே ரகம் வாங்கி வந்தேன். இந்தத் தடவை பள்ளம் இல்லை, மேடு. ஆற்று மணலும் செங்கல் உடைசலும் சுமந்து கொட்டி முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, அதன் உச்சியில் நட்டேன். தண்ணீர் ஒரு செம்பு, அதுவும் மண் காய்ந்த பிறகு. கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன்.

பக்கத்து வீட்டு அண்ணி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னடி, சாமிக்குப் பீடம் கட்டுற மாதிரி கட்டுற?"

"ஆமா அண்ணி. சாமி ஊர்வலம் போயிருக்கு. திரும்பி வந்தா உக்கார எடம் வேணும்ல."

அண்ணி சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் உள்ளே வந்து அழுதேன். வெளியே வாயாடுவதும் உள்ளே வந்து அழுவதும் எனக்கு அப்போது வாடிக்கையாகியிருந்தது.

கேஸ் தள்ளுபடியாகி அவர் வந்தார். தெருமுனையிலிருந்து கொடி, வேட்டுச் சத்தம், கோஷம். கழுத்து நிறைய மாலை. இளைத்துப்போயிருந்தார். ஆரத்தி எடுக்க நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வரவேண்டியிருந்தது. சாயங்காலம் குளித்துவிட்டுக் கொல்லைக்கு வந்தவர், ஈரத் துண்டைப் பிழிந்து மாதுளைச் செடிமேல் காயப் போட்டார். இடுப்பு உயரம் வளர்ந்து, புது இலை விட்டு நின்றது அது. நான் துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். சொல்லத்தான் நினைத்தேன். காய்க்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெறும் இலையைக் காட்டி என்ன சொல்வது?

வீட்டில் அவர் தங்கவில்லை. சங்கம் அவருக்குப் பெரிய பொறுப்பு கொடுத்தது. நாகப்பட்டினத்தில் சங்க ஆபீசிலேயே படுக்கை, சாப்பாடு. எங்கே கூலித் தகராறு, எங்கே குத்தகை வெளியேற்றம் என்றாலும் இவர் போய் நிற்க வேண்டும். எப்போதாவது வருவார். அழுக்குச் சட்டையைக் கொடுத்துவிட்டு வெளுத்த சட்டையை வாங்கிப்போவார். ஊருக்கு நல்ல மனுஷர், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் தெருப் பெண்கள் பண்ணைக் களத்தில் நிமிர்ந்து நின்று பேசினார்கள் என்றால் அது இவரைப் போன்றவர்களால்தான். எனக்கு அதில் பெருமையும் உண்டு. பெருமையோடு பேசிக்கொண்டு சாப்பிட முடியாது, அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் மரம் பூத்தது. பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. நின்றவற்றில் மூன்று மட்டும் காயாகித் திரண்டன. அணிலுக்கும் கிளிக்கும் பயந்து பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டேன். காலையில் எழுந்ததும் அவிழ்த்துப் பார்ப்பேன், மறுபடி கட்டுவேன். மஞ்சளில் சிவப்பு ஏறி, சுண்டினால் கணீரென்று சத்தம் வந்தது. இனி அவர் வர வேண்டியதுதான் பாக்கி. அந்த நாட்களில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். புதுப்பெண்ணாக இருந்தபோதுகூட நான் அப்படி ஓடியதில்லை.

ஒரு மத்தியானம் வந்தார். கூடவே ஒரு தோழர். அவசர அவசரமாகச் சோறு வடித்துப் போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் கொல்லைக்குப் போய் இருப்பதில் பெரிய பழத்தைப் பறித்தேன். அங்கேயே நின்று பிளந்து, ஒரு முத்து சிதறாமல் எவர்சில்வர் தட்டில் உதிர்த்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். என்ன, ஏது என்று கேட்பார், கையைப் பிடித்து இழுத்துப்போய் மரத்தைக் காட்ட வேண்டும் என்று நின்றேன்.

திருத்துறைப்பூண்டி கூட்டத்தைப் பற்றித் தோழரிடம் பேசிக்கொண்டே ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டார். மென்றார். பேச்சு நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாருக்கே புள்ள. விதை உறுத்தவே இல்ல."

"அப்படிங்களா?" என்றேன்.

"கும்பகோணத்துலயா வாங்குன? வெலை சாஸ்தியா இருந்திருக்குமே" என்றார். பிறகு தோழர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா தோழர், இதுதான் நம்ம ஜனங்க. அடிபட்டு, ஜெயிலுக்குப் போயி மனை வாங்கிக் குடுத்தாலும் அதுல ஒரு மரம் வச்சுத் திங்கத் தெரியல. கடைக்குத்தான் ஓடுதுங்க." மறுபடி என்னிடம், "கொல்லைல எடம் சும்மாத்தானே கெடக்கு. ஒரு கன்னு வச்சா என்னவாம்?"

தோழர் சிரித்தார். சொல்வதற்கு என்னிடம் ஆயிரம் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது எல்லாம். அவர் அடுத்த கை அள்ளிக்கொண்டு கூட்டத்துப் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்.

"சரிங்க, வைக்கிறேன்" என்றேன்.

ரெண்டு பேரும் சாப்பிட்டு முடித்து, மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். அன்றைக்கு அழுத மாதிரி, அவர் ஜெயிலுக்குப் போனபோதுகூட நான் அழவில்லை. பிள்ளை போனபோதும் அப்படி அழவில்லை.