எனக்கு இழுப்பு இருந்த வருஷம்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் எனக்கு மூச்சு வாங்கும் இழுப்பு நோய் இருந்தது. எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சருக்கும் தெரியும், கூட்டேரிப்பட்டு டீக்கடைக்காரருக்குத் தெரியும், மினி பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியும். உண்மையில் எனக்கு இழுப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், திண்டிவனம் ஆஸ்பத்திரியில் யோகா சொல்லிக்கொடுத்த டாக்டருக்கும் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

உடம்பு சரியில்லாமல் இருந்தது அம்மாவுக்கு. தம்பி பிறந்து வீட்டுக்கு வந்ததிலிருந்தே அவள் ஒரு மாதிரியாக இருந்தாள். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தலை வாருவதில்லை. சோற்றுத் தட்டில் ஈ உட்கார்ந்தால் ஓட்டுவதில்லை. தம்பி அழுதால் நாங்கள் எல்லாரும் ஓடுவோம், அவள் மட்டும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வாள். அம்மா தூங்கியே பல நாள் ஆகிறது என்று அப்பா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. தம்பி வந்துவிட்டால் உன்னை யார் சீந்துவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னைச் சீண்டி வைத்திருந்தார்கள். அம்மா அவனையும் சீந்தவில்லை என்றதும் அது எனக்கு நியாயமாகவே பட்டது.

எங்கள் வீட்டில் அதிகாரம் அத்தையுடையது. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, நடுவில் சுவர் கிடையாது. அவளைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். அம்மாவுக்குப் பத்தியம் சமைத்தது, வெந்நீர் ஊற்றியது, தம்பிக்குப் பால் கலக்கிப் புகட்டியது எல்லாம் அவள்தான். ஆனால் அம்மாவுக்கு வந்தது என்ன என்று கேட்டால், "காத்துப் பட்டுடுச்சி" என்பாள். பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்குக் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கிக் கையில் கொடுத்தாள். அத்தை சொன்ன இடத்தில் எல்லாம் அம்மா கும்பிட்டாள், சொன்ன சுற்றெல்லாம் சுற்றினாள், வீட்டுக்கு வந்து மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

தம்பியை எடை போட வந்த நர்ஸம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போகிற ஆளா? ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டேன். அம்மா, "நான் இல்லன்னா கூட இதுங்க எப்படியாச்சும் வளந்துடும் இல்ல சிஸ்டர்?" என்றாள். செஞ்சியில் இருக்கும் மாமா வீட்டுக்குக் கிளம்பப்போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு போவாளா, தம்பியை மட்டுமா என்பதுதான் அப்போது என் கவலை.

நர்ஸம்மா அப்பாவை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு மெதுவான குரலில் ஏதோ சொன்னார். மறுநாளே அப்பா, தடுப்பூசி என்று சொல்லி அம்மாவையும் தம்பியையும் திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு இப்படி மனசு முடங்கிப்போகும், இது வியாதிதான், சரியாகும் என்றாராம் அங்கிருந்த டாக்டரம்மா. மாத்திரை எழுதிக்கொடுத்து, கூடவே அதே ஆஸ்பத்திரியில் இருக்கும் யோகா பிரிவுக்கும் விடாமல் வரச் சொன்னாராம். மாத்திரையை ரத்த மாத்திரை என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். அடிக்கடி பஸ் ஏறிப் போவதை அத்தையிடம் என்னவென்று சொல்வது?

அத்தைக்கும் ஒரு பயம் இருந்தது. அவள் மகளுக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். "மனசு சரியில்ல, அது இதுன்னு வெளிய பேரு வந்துச்சின்னா எம் பொண்ண எவன் கட்டுவான்?" என்று ஏற்கெனவே அப்பாவிடம் சொல்லியிருந்தாள். போதாததற்குப் பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி, குனியக் கூடாது, நிமிரக் கூடாது. யோகா என்றால் அவள் அம்மாவை வாசல் தாண்ட விட்டிருக்கமாட்டாள்.

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "வாரா வாரம் திண்டிவனம் போய்க்கினு வரணுமாம்க்கா" என்று ஆரம்பித்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தார்.

"யாரு போவணும்? இன்னாத்துக்கு?" என்றாள் அத்தை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தின்றுகொண்டிருந்தேன். தோல் ஒன்று தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இருமினேன். இருமல் நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு கீச்கீச்சென்று இழுத்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பெற்றதற்காக அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"பாப்பாவுக்குத்தான்க்கா. இழுப்பாம். யோகா பண்ணாத்தான் சரியாவும்னுட்டாங்க. சின்னப் புள்ள தனியா போவுமா? இவதான் கூட்டிக்கினு போவணும்."

அன்றிலிருந்து என் அந்தஸ்தே வேறு. பி.டி. பீரியடில் ஓட வேண்டாம், மரத்தடியில் உட்காரலாம். யாராவது சந்தேகப்பட்டால் ஒரு தரம் இழுத்துக் காட்டுவேன். நாளாக ஆக எனக்கு இழுப்பு நன்றாகவே வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டே. அத்தை வேலியோரத்து ஆடாதொடை இலையைப் பறித்து, மிளகும் தட்டிப்போட்டு, தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் கஷாயம் கொண்டுவந்து நின்றாள். அப்பப்பா, அந்தக் கசப்பு! நாக்கில் பட்டால் காது வரைக்கும் கசக்கும். குடித்து முடித்தால் அத்தை தன் கையால் ஒரு துண்டு வெல்லம் வாயில் போடுவாள். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். அம்மா சுவரைப் பார்த்தபடி இருப்பாள்.

யோகா அறை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், சுடிதாருக்கு மேல் வெள்ளைக் கோட்டு. எனக்கும் அம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் பாய் போட்டார். "நீ பண்றதப் பாத்து அம்மா பண்ணுவாங்க. நல்லா பண்ணணும், சரியா?" என்றார். சிகிச்சை எனக்குத்தான், அம்மா எனக்குத் துணைக்குச் செய்கிறாள் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த அறையில் என்னைப் போல் வளைந்தவர் யாரும் கிடையாது. முதுகுவலிக்கு வந்த ஒரு பஸ் கண்டக்டர் ஒவ்வொரு தரம் குனியும்போதும் "யம்மாடி, என்னால ஆவலம்மா" என்று கத்துவார். அம்மாவுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியவில்லை. "முடிஞ்ச வரைக்கும் போதும்மா, மூச்ச மட்டும் கவனிங்க" என்று டாக்டர் அவள் பக்கத்திலேயே இருந்தார்.

முதல் நாளே அம்மா என் மானத்தை வாங்கினாள். கடைசியில் எல்லாரும் மல்லாந்து கண்ணை மூடிப் படுக்க வேண்டும். அம்மா தூங்கிவிட்டாள். குறட்டை வேறு. நான் எழுப்பப் போனேன். டாக்டர் உதட்டில் விரலை வைத்துத் தடுத்துவிட்டு, தம்பியைத் தன் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்து வந்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் சாயங்காலம் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தேன். "எனக்கு வைத்தியம் பாக்கப் போன எடத்துல அம்மா தூங்கிடுச்சிப்பா!" அப்பா, "எவ்ளோ நேரம் தூங்குனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இன்னொரு நாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அம்மா என் சமோசாவில் பாதியைப் பிய்த்துத் தின்றாள். அவளாகக் கைநீட்டி எடுத்துத் தின்று எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அதையும் அப்பாவிடம் சொன்னேன். தப்புக்குத் தண்டனை கொடுப்பார் என்று பார்த்தால், மறுநாள் ஒரு பொட்டலம் நிறைய சமோசா வாங்கிவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தார்.

தேனீ மூச்சு என்று ஒரு பயிற்சி உண்டு. கட்டைவிரலால் காதை அடைத்துக்கொண்டு, வாயை மூடி, ம்ம்ம் என்று ஒலி எழுப்ப வேண்டும். ஒரு நாள் அதைச் செய்துகொண்டிருந்தபோது முன்னால் துணியில் கிடந்த தம்பி வீறிட்டு அழுதான். அம்மா காதை அடைத்தபடியே ம்ம்ம் என்றாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பித் தேடினான். அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். மறுபடி ம்ம்ம் என்றாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். அம்மா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒலியை விடாமல், குனிந்து அவனைத் தூக்கி மார்பில் சாய்த்துக்கொண்டாள். கண்டக்டர்கூடக் கத்தாமல் இருந்தார். "சூப்பர்மா" என்றார் டாக்டர், அம்மாவைப் பார்த்து. அன்றைக்குச் சுத்தமாக ஒலி எழுப்பியவள் நான். என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. மறுநாள் அம்மா மறுபடியும் சுவரைப் பார்த்தாள். பஸ் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த நாளும் உண்டு. மாத்திரையும் நடந்தது, மூச்சுப் பயிற்சியும் நடந்தது. சுவரைப் பார்க்கும் நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. என் கஷாயம் மட்டும் குறையவே இல்லை.

அறுவடை முடிந்த சமயம், விழுப்புரத்து மாப்பிள்ளையின் அம்மா வீடு பார்க்க வந்தார். அத்தை வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். விருந்தாளி வந்தால் என்ன, மருந்து மருந்துதான் என்று அத்தை கஷாய டம்ளரோடு வந்தாள். இவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்று நானும் சும்மா இருக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே பெரிய இழுப்பாக ஒன்று இழுத்தேன்.

அந்த அம்மா காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாங்க இது, கொழந்தைக்கு இழுப்பா? இது குடும்பத்துல ஓடுற வியாதி ஆச்சே. உங்க பொண்ணுக்கு இருக்குதா?"

அப்பா தரையைப் பார்த்தார். கதவோரமாகத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மா முன்னால் வந்தாள்.

"எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லிங்க. எனக்குத்தான் ஒடம்பு சரியில்லாம இருந்துச்சி. இவன் பொறந்ததுலேர்ந்து மனசே சரியில்ல, உசுரோட இருக்கவே புடிக்கல. திண்டிவனத்துல வைத்தியம் பாத்துக்கினு இருக்கேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு இவ பேர்ல போனோம்."

அந்த அம்மா அவளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப பரவால்லியா?"

"பரவால்லிங்க. தூக்கம் வருது. புள்ளய நானே பாத்துக்கிறேன்."

"அப்புறம் இன்னா," என்று அந்த அம்மா காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அத்தை டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லடி" என்றாள்.

"சொன்னேனே அண்ணி. காத்துன்னீங்க."

அம்மா அத்தையின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, இத்தனை நாள் நான் குடித்த அந்தக் கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்தாள். முகம் சுளித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் ஓடியது. அத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தை எடுத்து அம்மாவின் வாயில் போட்டாள்.

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. இத்தனை பேர் முன்னால் என் வியாதியைப் பிடுங்கிக்கொண்டாள், என் கஷாயத்தைக் குடித்தாள், கடைசியில் என் வெல்லத்தையும் தின்றுவிட்டாள்! அப்பாவிடம் சொல்லி நியாயம் கேட்கலாம் என்று அவரைத் தேடிக் கொல்லைக்கு ஓடினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். வெல்லம் போனது எனக்கு, இவர் எதற்கு அழுகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.